கார் பாதி, பஸ் பாதி

சைக்கிள் ஸ்டாண்டு என்றுதான் இன்றும் பெயர். உள்ளே நிற்பவை பெரும்பாலும் பைக்குகள். அருப்புக்கோட்டை சுற்றுவட்டாரத்திலிருந்து காலையில் வண்டியில் வந்து, டோக்கன் வாங்கிக்கொண்டு, மதுரை பஸ்ஸைப் பிடிப்பவர்களுக்கு இது அன்றாடப் பழக்கம். பைக் வைத்திருக்கும்போது தெரிந்த இந்தக் கணக்கு, கார் வாங்கியதும் ஏனோ மறந்துபோகிறது. மதுரைக்கும் கார், மூன்றாவது தெரு மளிகைக் கடைக்கும் கார்!

கரிசல் காட்டில் கார் வாங்குவதை வீண் ஆடம்பரம் என்று சொல்லிவிட முடியாது. திருச்சுழி, நரிக்குடி பக்கத்து உள்கிராமங்களுக்கு டவுன் பஸ் நாளுக்குச் சில தடவைதான். ஒன்றை விட்டால் வெயிலில் காய வேண்டும். ஆனால், கார் இல்லாமல் முடியாத தூரம் பெரும்பாலும் மெயின் ரோடு வரைக்கும்தான். திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டைக்கே சுமார் 15 கி.மீ.தான். அதற்கப்பால் மதுரைக்கு பஸ்கள் வரிசையாக ஓடுகின்றன.

அருப்புக்கோட்டை – மதுரை சுமார் 50 கி.மீ. போக வர 100. லிட்டருக்கு 15 கி.மீ. கொடுக்கும் காருக்கு ஏறக்குறைய 7 லிட்டர் தேவை. லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 700 ரூபாய். அதோடு முடிகிறதா? மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதிகளுக்குள் கார் போகாது. எங்கேயோ நிறுத்திவிட்டு நடக்கத்தான் வேண்டும்.

தனியாகப் போகிறவர் காரை ஊரிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறுவது லாபம். முழங்கால் வலிக்கும் பாட்டியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவதா? வாசலில் இறக்கிவிட கார்தான் சரி. எத்தனை பேர், எவ்வளவு சுமை, எப்போது திரும்புவோம் – இந்த மூன்றையும் யோசித்துவிட்டுச் சாவியை எடுக்கலாம்.

மூன்றாவது கேள்வியில் உயிரே இருக்கிறது. விடியற்காலையில் எழுந்த அதே கண்ணோடு, ரிசப்ஷன் முடிந்து நள்ளிரவில் நான்குவழிச் சாலையில் ஓட்டி வருகிறார்கள். 2022-ல் மட்டும் நாடு முழுக்க 1,68,491 பேர் சாலை விபத்துகளில் இறந்தார்கள். பஸ்ஸில் நாம் தூங்கலாம். ஸ்டியரிங் பிடித்தபடி தூங்க முடியாது. சென்னை வரை போகிறவர்களுக்கு அருப்புக்கோட்டை வழியாகவே சிலம்பு எக்ஸ்பிரஸ் இருக்கிறது. விருதுநகர் – மானாமதுரை பாதை 2013-ல் அகலப்பாதையானதன் பலன் அது. ஸ்டேஷன் வரை கார், அதன்பின் ரயில்.

பக்கத்து ஊர் வேலைக்கு இன்னும் எளிது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு 2021 மே முதல் டிக்கெட் கிடையாது. அம்மா பஸ்ஸில் போய்வந்தால், அப்பாவின் கார் கிளம்பவே வேண்டாம்.

ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்குக் கால் மணி நேர நடை என்று வைத்துக்கொள்வோம். போக 15, வர 15, வாரம் 5 நாள் என்றால் 150 நிமிடம். பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது இவ்வளவு மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. சர்க்கரைக்காகத் தனியாக வாக்கிங் போக நேரமில்லை என்பவர்களுக்கு இது வழியோடு கிடைக்கும் வாக்கிங். நடக்க முடியாத தூரமா? பிளஸ் 1-ல் மகளுக்கு அரசு கொடுத்த சைக்கிள் மூலையில் துருப்பிடிக்க வேண்டாம். நெதர்லாந்தின் யூட்ரெக்ட் ரயில் நிலையத்தில் 12,500 சைக்கிள் நிறுத்தும் ஸ்டாண்டே இருக்கிறது. கார் வைத்திருப்பவர்களும் சைக்கிளில் வந்து ரயில் ஏறும் நாடு அது.

திருச்சுழிக்கு இதெல்லாம் புதிதில்லை. அங்கே 1879-ல் பிறந்த ரமணர், 1896-ல் மதுரையிலிருந்து திருவண்ணாமலைக்குப் போனது எப்படி? மாம்பழப்பட்டு வரை ரயில். கையில் காசு தீர்ந்ததும் நடை. திருக்கோவிலூரிலிருந்து மறுபடி ரயில்.

இன்றைய பயணத்துக்கு மூன்றே முன்னேற்பாடுகள் போதும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு வையுங்கள். ஸ்டாண்டு பூட்டும் நேரத்தை டோக்கன் வாங்கும்போதே விசாரியுங்கள். குடையும் தண்ணீர் பாட்டிலும் காரிலேயே தங்கிவிடாமல் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.