மூன்றாவது இழப்புவரை காத்திருக்க வேண்டுமா?

"ரெண்டு கலைஞ்சதுக்கெல்லாம் பயப்படாதீங்க பிள்ள, அடுத்தது நிக்கும்." இலங்கையின் கந்தளாய்ப் பக்கம் கிளினிக் வாங்கிலும் வீட்டு விறாந்தையிலும் இந்த ஆறுதலை நிறையக் கேட்கலாம். அன்பினால் சொல்வதுதான், பலருக்கு அது பலிக்கவும் செய்கிறது. ஆனால் மூன்று முறை இழந்த பிறகே காரணம் தேட வேண்டும் என்ற பழைய மருத்துவ வரையறையும் அந்த ஆறுதலோடு சேர்ந்தே வாழ்கிறது. மனித இனப்பெருக்கத்துக்கான ஐரோப்பியச் சங்கம் 2017இல் அந்த எண்ணை இரண்டாகக் குறைத்துவிட்டது. 2021இல் 'லான்செட்' இதழ் வெளியிட்ட ஆய்வுத் தொடர் முதல் இழப்பிலிருந்தே படிப்படியான கவனிப்பு வேண்டும் என்றது. உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி 30 இலட்சம் கருக்கள் கலைகின்றன என்பதும் அந்தத் தொடரின் கணக்கு.

ஆரம்ப மாதங்களில் கலையும் கருக்களில் பாதியளவுக்குக் காரணம் அந்தக் கருவின் குரோமோசோம் பிழை. சினை முட்டையோ விந்தோ உருவாகும்போதோ, அவை சேரும் வேளையிலோ நேர்ந்துவிடுவது அது. அன்னாசி தின்றதாலோ, பப்பாப்பழம் தின்றதாலோ, வயலுக்குப் போனதாலோ வருவதல்ல. கட்டிலை விட்டு எழும்பாமல் கிடந்தால் கரு தங்கும் என்பதற்கும் ஆதாரமில்லை. தாயின் வயது 35ஐத் தாண்டும்போது ஆபத்து ஏறுகிறது. தகப்பனின் வயது 40ஐத் தாண்டினாலும் கூடுகிறது. சில தம்பதியரில் கணவனோ மனைவியோ இடம்மாறிய குரோமோசோம் துண்டொன்றைத் தமக்குத் தெரியாமலே சுமந்திருப்பார்கள். ஆனாலும் மாமியார் கேள்வி கேட்பது மருமகளிடம் மட்டுந்தான். கிளினிக்குக்குத் தனியே வந்து நிற்பவளும் அவள்தான்.

நீரிழிவு, தைரொயிட் குறைபாடு, கருப்பையின் அமைப்புக் குறை ஆகியவையும் காரணங்களாகலாம். வலி அதிகமில்லாமல் நான்காம் ஐந்தாம் மாதத்தில் கரு நழுவினால் கருப்பைவாயின் பலவீனத்தைச் சந்தேகிக்க வேண்டும். அப்படிப்பட்டவருக்கு அடுத்த முறை ஸ்கேனில் கண்காணித்து, தேவைப்பட்டால் தையல் போடுவார்கள்.

நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது அன்டிபொஸ்போலிப்பிட் சிண்ட்ரோம் என்ற ஒன்றை. உடலின் எதிர்ப்புப் புரதங்களே நஞ்சுக்கொடியைத் தாக்குகின்றன, இரத்தமும் உறையத் தலைப்படுகிறது. தொடர்ந்து கருவிழக்கும் பெண்களில் ஏறக்குறைய நூற்றுக்கு 15 பேரிடம் இதைக் காணலாம் என்பது நெடுங்கால மதிப்பீடு. லண்டனில் நடந்து 1997இல் வெளியான ஆய்வொன்றில் அஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 வீதத்தினரும், ஹெபரின் ஊசியும் சேர்த்துப் போட்டவர்களில் 71 வீதத்தினரும் குழந்தை பெற்றனர். இத்தனை வேறுபாட்டைத் தரக்கூடிய சிகிச்சை இந்தத் துறையில் அபூர்வம். அது இருக்கும்போது, சோதிக்காமலே ஒரு பெண்ணை மூன்றாவது இழப்புக்கு அனுப்புவது அநியாயம்.

அதேநேரம், காரணம் தெரியாமலே எல்லாருக்கும் ஊசியும் மாத்திரையும் எழுதுவதும் நியாயமல்ல. பரம்பரையாக இரத்தம் உறையும் தன்மை உள்ளவர்களுக்கு ஹெபரின் பலன் தரவில்லை என்று 2023இல் வந்த 'அலைஃப் 2' ஆய்வு காட்டியது. காரணம் தெரியாத தொடர் இழப்புக்குப் புரொஜெஸ்டரோன் கொடுத்துப் பார்த்த 'பிராமிஸ்' ஆய்வில் (2015) மருந்து பெற்றவர்களில் 66 வீதத்தினரும், வெற்று மருந்து பெற்றவர்களில் 63 வீதத்தினரும் பிள்ளை பெற்றார்கள். அந்த 63 என்ற எண்ணை ஒவ்வொரு பெண்ணுக்கும் சொல்ல வேண்டும். எந்த மருந்தும் இல்லாமலே மூவரில் இருவருக்குக் கிட்டத்தட்ட நல்ல முடிவு வந்திருக்கிறது. விதிவிலக்கு ஒன்று உண்டு. 2019இன் 'பிரிசம்' ஆய்வில், முன்பு மூன்றோ அதற்கு மேலோ இழந்து இம்முறையும் ஆரம்பத்தில் இரத்தம் கண்ட பெண்களில், புரொஜெஸ்டரோன் பெற்ற 72 வீதத்தினரும் பெறாத 57 வீதத்தினரும் குழந்தையைக் கண்டனர். முன்பு கருவிழந்தவர் இரத்தக்கசிவைக் கண்டால் நாளை பார்ப்போம் என்று இருக்கக்கூடாது என்பது இதனால்தான்.

கந்தளாய் போன்ற ஊரில் இதைச் செய்ய முடியுமா? முடியும். வரண்ட வலயத்துக் குடியேற்றங்களில் ஒருகாலத்தில் கருவைக் குலைத்த மலேரியா இல்லாத நாடு என்று 2016இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழைப் பெற்றோம். தாயிலிருந்து பிள்ளைக்கு சிபிலிசும் எச்ஐவியும் தொற்றுவதை ஒழித்த சான்றிதழ் 2019இல் வந்தது. வீடுவீடாகப் போகும் குடும்பநல உத்தியோகத்தரும், ஒவ்வொரு கர்ப்பிணியிடமும் எடுக்கும் இரத்தமும் இல்லாமல் இரண்டாவது சான்றிதழ் வந்திருக்காது.

ஊரில் மிஸ்ஸி என்று அழைக்கும் அதே குடும்பநல உத்தியோகத்தரின் கையில்தான் கர்ப்பிணிப் பதிவும் இருக்கிறது. மூன்று கருவை இழந்து நான்காவதைச் சுமப்பவளின் அட்டையில் ஜி 4, பி 0, சி 0 என்று எழுதுவார்கள். கர்ப்பம் நான்கு, பிரசவம் இல்லை, உயிருடன் பிள்ளை இல்லை. அதுகூட அவள் வாய்திறந்து சொன்னால்தான். ஆறு, ஏழு கிழமையில் வீட்டிலேயே அழிந்துபோனதைப் பலர் சொல்வதில்லை. வெட்கம் ஒரு காரணம், பயம் இன்னொன்று. நம் நாட்டின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, 303ஆம் பிரிவில், தாயின் உயிரைக் காக்க அன்றி வேறெதற்கும் கருக்கலைப்பை அனுமதிப்பதில்லை. ஆசைப்பட்ட பிள்ளையை இழந்து இரத்தத்தோடு வருபவளும் "ஏதும் மருந்து குடிச்சீங்களா?" என்ற கேள்விக்கு அஞ்சுகிறாள். சிகிச்சைக்காக அந்தக் கேள்வி தேவைப்படலாம். அதைத் தனியாக, குற்றம் சாட்டும் குரலில்லாமல் கேட்க வேண்டும்.

இரண்டாவது இழப்பு பதிவான உடனே அவளையும் கணவனையும் கந்தளாய் ஆதார வைத்தியசாலையின் மகப்பேற்று கிளினிக்குக்கு அனுப்புவது நடைமுறையாக வேண்டும். சீனியும் தைரொயிட்டும் பார்ப்பது பெரிய காரியமல்ல. அன்டிபொஸ்போலிப்பிட் சோதனைதான் சிக்கலானது, 12 கிழமை இடைவெளியில் இரண்டு முறை செய்தால்தான் நோயென்று உறுதிசெய்ய முடியும். கொழும்புக்கு இரவு பஸ் ஏறி, நாட்சம்பளத்தை இழந்து, தனியார் ஆய்வுகூடத்துக்குக் காசு கட்டி ஒருமுறை செய்தவள் இரண்டாவதற்குப் போகமாட்டாள். இரத்தத்தைக் கந்தளாயிலேயே எடுத்து, பிளாஸ்மாவைப் பிரித்து உறையவைத்து, வசதியுள்ள அரச ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம். முதல் இரத்தம் எடுக்கும் அன்றே இரண்டாவதற்கான திகதியையும் அவளுடைய கிளினிக் புத்தகத்தில் எழுதிக் கொடுக்கலாம்.