குரங்குக்கு வைக்கும் சோதனை கடுமையாக இருக்கட்டும்

மறையூர் சந்தனக் காட்டிலும் சின்னாறு சாலையோரத்திலும் திரியும் நாட்டுக் குரங்குகளிடம் எஸ்.ஐ.வி. கிடையாது. எச்.ஐ.வி.க்கு உறவான இந்தக் குரங்கு வைரஸ் ஆப்பிரிக்காவுக்கு உரியது. ஆசியக் குரங்குகளுக்கு இயற்கையில் இல்லை. ஆப்பிரிக்காவின் சூட்டி மங்காபே குரங்குகள் இதைச் சுமந்துகொண்டே பெரும்பாலும் நோயின்றி வாழ்கின்றன. அதே வைரஸ் ரீசஸ் குரங்கின் உடலில் புகுந்தால் எய்ட்ஸ்தான்.

1985-ல் அமெரிக்க ஆய்வகம் ஒன்றில் இது தெரியவந்ததும், எச்.ஐ.வி. தடுப்பூசி ஆய்வின் சுமை ரீசஸின் மேல் விழுந்தது. இந்தியா 1978-லேயே ரீசஸ் ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. அதற்கு முன் போனவற்றின் சந்ததிகள் இன்றும் அமெரிக்க ஆய்வுக்கூடங்களில் இருக்கின்றன. அந்த உயிர்களை எடுத்துக்கொள்பவர்கள், குறைந்தபட்சம் சோதனையை எளிதாக்கிக்கொள்ளக் கூடாது.

எளிதாக்கிக்கொண்டதற்குச் சான்று உண்டு. தீங்கற்றதாக்கிய ஒரு வைரஸில் நோய்க்கிருமியின் சில மரபணுக்களை மட்டும் ஏற்றி உடலுக்குள் அனுப்பும் முறை, கோவிஷீல்டு போட்டுக்கொண்டவர்களுக்குப் புதிதல்ல. மெர்க் நிறுவனம் ஜலதோஷ வகை அடினோவைரஸ் 5-ஐ இப்படிப் பயன்படுத்தியது. குரங்கு, மனித வைரஸ்களைக் கலந்து செய்த 89.6பி என்ற கிருமியைச் செலுத்தியபோது, ஊசி போட்ட குரங்குகள் நன்றாகத் தாக்குப்பிடித்தன. நம்பிக்கை பெருகியது. ஆனால் 89.6பி எளிதில் அடங்கிப்போகும் கிருமி. மேக்239 என்ற முரட்டு எஸ்.ஐ.வி.யின் முன்னால் அதே வகை ஊசியால் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை. சுமார் 3,000 பேர் பங்கேற்ற மனிதச் சோதனை 2007 செப்டம்பரில் நிறுத்தப்பட்டது. ஊசி காக்கவில்லை; பங்கேற்ற ஆண்களில் ஒரு பகுதியினருக்குத் தொற்று அபாயம் கூடியதாகவும் தெரிந்தது. மேக்239 தந்த எச்சரிக்கைதான் உண்மையாயிற்று.

வைரஸை வாகனமாக்கும் இந்த முறை இந்தியாவிலும் சோதிக்கப்பட்டது. இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றை 1986-ல் டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் கண்டறிந்தது சென்னையில். அங்கேயே சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையத்தில் 2006 ஜனவரியில் டி.பி.சி.-எம்4 என்ற எச்.ஐ.வி. தடுப்பூசியின் முதற்கட்டச் சோதனை தொடங்கியது. பெரியம்மைத் தடுப்பூசி வைரஸைக் கோழிக்கரு உயிரணுக்களில் 500 தடவைக்கு மேல் வளர்த்து வலுவிழக்கச் செய்த எம்.வி.ஏ.தான் இதன் வாகனம். ஏற்றப்பட்டவை, இந்தியாவில் பெரும்பாலும் பரவும் சி வகை எச்.ஐ.வி.யின் மரபணுக்கள். பங்கேற்ற 32 பேரில் 24 பேருக்கு ஊசி, 8 பேருக்கு வெற்று மருந்து. பாதுகாப்பில் குறையில்லை, நோயெதிர்ப்பும் எழுந்தது, ஆனால் மிதமாகவே. தொற்றைத் தடுக்குமா என்று சொல்ல முதற்கட்டச் சோதனையால் ஆகாது.

அமெரிக்காவின் ஓரிகானில் ஆய்வாளர் லூயிஸ் பிக்கரின் குழு கடினமான வழியைப் பிடித்தது. உடலில் வாழ்நாள் முழுக்கத் தங்கும் சைட்டோமெகலோ வைரஸை வாகனமாக்கி, மேக்239-ஐயே எதிரியாக நிறுத்தியது. 2011-ல் வெளியான முடிவின்படி 24 குரங்குகளில் 13 தொற்றை அடக்கின. 2013-ல் வெளியானது இன்னும் வியப்பு: அப்படி அடக்கிய குரங்குகளின் உடலில் காலப்போக்கில் வைரஸின் தடயமே இல்லாமல் போனது.

இதே வழியில் செய்த ஊசி 2023-ல் அமெரிக்காவிலும் தென்னாப்பிரிக்காவிலும் மனிதர்களிடம் முதற்கட்டச் சோதனைக்கு வந்தது. சி வகை வைரஸ் பரவும் நாடாக இருந்தும், இந்த வேலையில் கைதேர்ந்த மருத்துவர்கள் சென்னையில் இருந்தும், அந்தச் சோதனையில் இந்தியா இல்லை.