ஒரே நூலுக்கு நான்கு விலைகள்



என்னிடம் ஆறாம் ஆண்டில் பயின்ற மாணவர் ஒருவர் சென்ற மாதம் என் இல்லம் தேடி வந்தார். உடன் ஒரு பெட்டி. காலஞ்சென்ற தாய்மாமன் 1990களில் வாங்கிச் சேர்த்த அமெரிக்கப் படக்கதை நூல்கள் அதில் இருந்தன. ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறைக்குள். அவற்றை விற்றுத் தங்கையின் கல்லூரிக் கட்டணத்தைச் செலுத்த வேண்டும் என்பது அவர் எண்ணம். ஆனால், ஒரே நூலுக்குப் பழைய 'விசார்ட்' இதழில் ஒரு விலை, 'ஓவர்ஸ்ட்ரீட்' கையேட்டில் வேறொரு விலை, இணைய ஏலத்தில் இன்னொரு விலை. கடைக்காரர் கேட்டதோ இம்மூன்றினும் தாழ்ந்த விலை.

“ஐயா, இவர்களில் யார் பொய் சொல்கிறார்கள்?” என்று வினவினார்.

எவரும் பொய் சொல்லவில்லை என்றே கருதுகிறேன். நால்வரும் நான்கு வெவ்வேறு வினாக்களுக்கு விடை எழுதியிருக்கின்றனர். வினாத்தாளை நாம்தான் சரிவரப் படிப்பதில்லை.

இராபர்ட் ஓவர்ஸ்ட்ரீட் தம் கையேட்டை முதன்முதலாக 1970இல் வெளியிட்டார். ஆண்டுக்கு ஒருமுறை வெளிவரும் அந்நூல், வணிகர்களிடமும் சேகரிப்பாளர்களிடமும் கேட்டறிந்து விலைகளைத் தொகுக்கிறது. அச்சேறி நம் கைக்கு வருவதற்குள் சந்தை நகர்ந்துவிடும். மேலும், கடைக்காரர் வாடிக்கையாளரிடம் கேட்கக்கூடிய விலையே அதில் உள்ளது. நம்மிடமிருந்து வாங்கும்போது அவர் கொடுக்கும் விலை அதில் இல்லை. வாடகை கொடுத்து, ஆண்டுக்கணக்கில் விற்காமலும் வைத்திருக்க நேரும் மனிதர் அதில் ஒரு பகுதியையே தருவார். அதை வஞ்சகம் என்று சொல்வது முறையன்று.

'விசார்ட்' 1991இல் தொடங்கி 2011இல் அச்சு நின்றுபோன மாத இதழ். புத்தம் புதிய நூல்களே அதன் ஆர்வம். இம்மாதம் எல்லாரும் தேடும் நூலுக்கு இம்மாத விலை. அவ்விலையைக் கண்டே மேலும் பலர் வாங்க ஓடினர். விலை மேலும் ஏறியது. உடல் வெப்பத்தை அளக்க வந்த வெப்பமானியே காய்ச்சலைக் கூட்டினால் எப்படி? அவ்விதழ் மீது எனக்குள்ள மனக்குறை இதுதான்.

தரமதிப்பீடு இன்னொரு சிக்கல். 2000இல் தொடங்கிய சிஜிசி நிறுவனம், நூலை ஆராய்ந்து பத்துக்கு இத்தனை புள்ளி எனக் குறித்து, கெட்டிப் பிளாஸ்டிக் பேழையில் அடைத்துத் தருகிறது. ஓவர்ஸ்ட்ரீட் கையேட்டின் விலைப்பட்டியலோ 9.2 புள்ளியோடு முடிந்துவிடுகிறது. இக்கால நூல்களில் சேகரிப்பாளர்கள் துரத்துவது 9.8. இரண்டையும் அருகருகே வைத்து முரண் என்பது, இருவேறு மாணவர்களின் மதிப்பெண்ணை ஒப்பிட்டு ஆசிரியர் தவறிழைத்தார் என்பதைப் போன்றது. அரைப்புள்ளி வேறுபாட்டில் எத்தனை மனத்தாங்கல் எழும் என்பதைக் கட்டுரை திருத்திய எவரும் அறிவர்.

ஏல விலை மெய்யாகவே கைமாறிய தொகை. ஆயினும் அது ஒரு நாளின் விலை. ஸ்பைடர்மேன் முதன்முதலில் தோன்றிய 'அமேசிங் ஃபேன்டசி' 15ஆம் இதழ் 1962இல் 12 சென்டுக்கு விற்றது. அதில் 9.6 தரமுடைய படி ஒன்று 2011இல் 11 இலட்சம் டாலருக்குப் போனது. அதே தரத்தில் ஒரு படி 2021இல் 36 இலட்சம் டாலர்! அறிவிக்கப்படும் தொகையில் ஏல நிறுவனத்தின் தரகும் சேர்ந்திருப்பது வழக்கம். விற்றவர் கைக்கு அவ்வளவும் வராது.

எல்லாக் கையேடுகளும் ஒரே விலையைச் சொல்ல வேண்டும் என நான் விரும்பவில்லை. ஒரே குரல் ஒலித்தால் அக்குரலே சந்தையாகிவிடும். என் குறை வேறு. ஒரு தரத்துக்கு ஒற்றை எண்ணை அச்சிட்டு, அது ஏதோ அளந்தறிந்த உண்மை போலத் தோன்றச் செய்கிறார்கள். கடந்த ஆண்டில் எத்தனை படிகள் விற்றன, மிகக் குறைந்த விலை எது, மிக உயர்ந்த விலை எது என்று மூன்று எண்களை ஒவ்வொரு நூலுக்கும் அச்சிட்டால் என்ன? பக்கம் கூடும்; நூலின் விலையும் கூடும். ஏமாறுவோர் தொகை குறையுமே!

பெட்டியைத் திறந்து பார்த்தோம். 1991இல் வந்த 'எக்ஸ்-மென்' முதல் இதழ் மட்டும் ஏழு படிகள். அவ்விதழ் எண்பது இலட்சத்துக்கும் மேல் விற்பனையானது. விலையேறும் என்று எல்லாரும் உறையிலிட்டுக் காத்ததால் இன்றும் எங்கும் கிடைக்கிறது. பத்து சென்டுக்கு வாங்கிப் படித்துவிட்டுப் பிள்ளைகள் தூக்கியெறிந்த 1938ஆம் ஆண்டின் 'ஆக்ஷன் காமிக்ஸ்' முதல் இதழ்தான் 2024இல் 60 இலட்சம் டாலருக்கு விற்றது. இதை நான் விளக்கியபோது மாணவர் நெடுநேரம் பேசவில்லை.

தேறக்கூடிய மூன்று நூல்களைத் தனியே எடுத்து வைத்தோம். அமெரிக்காவுக்கு அனுப்பித் தரமதிப்பீடு செய்யும் செலவைக் கணக்கிட்டோம், இரண்டுக்குக் கட்டுப்படியாகாது. மூன்றாவதை மட்டும் அனுப்புவதாகச் சொல்லிப் பெட்டியை மூடினார். மறுநாள் மாலை அவர் தங்கையை வரச்சொல்லி, பிடிபிடிஎன் கல்விக் கடனுக்கான விண்ணப்பத்தை நிரப்ப உதவினேன்.