எந்த மரத்தின்ர கரி?

பரலை நீளப்பாட்டுக்குப் பிளந்து, பிணைச்சல் போட்டு மூடியாக்கி, ஒரு புகைபோக்கியும் வைத்து, இறைச்சியை ஆறேழு மணித்தியாலம் புகையில வேகவிடுகிற ஆசை எங்கட வயசுக்காரர் கனபேருக்கு வந்திட்டுது. நல்ல ஆசை. வளவும் இருக்கு, ஞாயிற்றுக்கிழமையும் இருக்கு. ஆனால் யூடியூப்பில் அந்த அடுப்போடு சேர்ந்து ஒரு சண்டையும் வந்திறங்கியிருக்கு: கட்டிக்கரியா, பிரிக்கெற்றா? இந்தச் சண்டை எங்கட ஊருக்கு அரைவாசிதான் பொருந்தும் என்பது எங்கள் கருத்து.

பொருந்துகிற அரைவாசியை முதலில் பார்ப்போம். கட்டிக்கரி என்றால் மரத்தைக் காற்றுப் படாமல் சுட்டு, வந்த துண்டை அப்படியே எடுப்பது. பிரிக்கெற் என்றால் கரித்தூளை மாப்பசையோடு குழைத்து அச்சில் அழுத்தியது. 1920களில் ஹென்றி ஃபோர்ட் கார் செய்ய மரம் அறுத்து, மிஞ்சிய கழிவை மிச்சிகனில் இப்படிக் கட்டியாக்கி விற்றார். அதுதான் பிறகு கிங்ஸ்ஃபோர்ட் என்ற பெயரில் அமெரிக்கா முழுக்கப் பரவியது. அங்கத்தைய பிரிக்கெற் சிலவற்றில் நிலக்கரியும் சுண்ணாம்புக்கல்லும் சேரும். கட்டிக்கரிக்காரர் அதைப் பார்த்து முகம் சுழிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

வேலை என்று பார்த்தால், கட்டிக்கரி கெதியாப் பிடிக்கும், கூடச் சூடு தரும், சாம்பல் குறைவு. ஆனால் ஒரு துண்டு முழங்கை அளவு, அடுத்தது விரல் அளவு. புகையடுப்புக்குத் தேவை 110, 120 பாகை செல்சியசில் மணிக்கணக்கா அசையாமல் நிற்கிற சூடு. இப்படி ஏறுக்குமாறான துண்டுகளோடு அதைப் பிடித்து வைத்திருக்க, காற்றுத் துவாரத்துக்குப் பக்கத்திலேயே கதிரை போட்டுக் குந்த வேண்டிவரும். பிரிக்கெற் எல்லாம் ஒரே அளவு. பெட்டியை நிரப்பி, மேலே பத்துப் பன்னிரண்டு தணலை வைத்தால் மெல்ல மெல்லக் கீழே பிடித்துக்கொண்டு போகும். சாம்பல் கூடத்தான், அள்ளிக் கொட்டலாம். அதனால் நீண்ட நேர வேலைக்கு நாங்கள் பிரிக்கெற் பக்கம். அரை மணித்தியாலத்தில் மீன் சுட்டுச் சாப்பிட்டுப் படுக்கப் போறவருக்குக் கட்டிக்கரி போதும். “கட்டிக்கரியிலதான் மணம்” என்பதை மட்டும் நம்பவேண்டாம். மணம் தருகிற பெரும்பகுதி கரி சுடும்போதே புகையாப் போயிடும். இறைச்சிக்கு மணம் வேணுமென்றால் தணலில் காய்ந்த கொய்யாக் கட்டையோ மாங்கட்டையோ ரெண்டு துண்டு போடுங்கோ.

பொருந்தாத அரைவாசிதான் எங்களுக்கு முக்கியம். எங்கட கடைகளில் உரப்பையில் வருகிற கட்டிக்கரி எந்த மரம்? பாலையா, வீரையா, வேம்பா? கரியான பிறகு எங்கட கண்ணுக்கு எல்லாம் கறுப்பு. மண் மூடிச் சுடுகிற பழைய முறையில ஒரு கிலோ கரிக்கு அஞ்சு கிலோ விறகாவது போகும், கூடவும் போகலாம். பாலையும் வீரையும் இந்த வறண்ட மண்ணில் ஆறுதலா வளருகிற வைர மரங்கள். ஒரு தலைமுறை பாலைப்பழம் பொறுக்கித் தின்ற மரத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்காக எரிக்க எங்களுக்கு மனம் வரேல்லை.

மற்றப் பக்கம், ஒவ்வொரு வீட்டிலும் சிரட்டை மிஞ்சுது. சிரட்டைக்கரியை எங்கட அம்மம்மாக்கள் இஸ்திரிப்பெட்டிக்குள் போட்டுச் சட்டை அழுத்தினார்கள். இன்றைக்கு இலங்கையின் சிரட்டைக்கரி, உயிர்ப்பூட்டிய கரியாகி, தண்ணீர் வடிகட்டவும் தங்கம் பிரித்தெடுக்கவும் வெளிநாடு போகுது. உலகம் காசு குடுத்து வாங்குகிற சாமான் எங்கட குசினிக் கோடியில் கிடக்கு. இதுக்காக ஒரு மரமும் விழத் தேவையில்லை. பனங்கிழங்கு கிண்டின பிறகு குவிகிற ஊமலும் அப்படித்தான், எரித்தால் நல்ல தணல்.

சிரட்டைக்கரியிலும் குறை இருக்கு. சில்லுச் சில்லா இருப்பதால் நெருங்கிப் படிந்து காற்றை அடைக்கும், பிடிக்கும்போது பொறி தெறிக்கும். அரைகுறையாச் சுட்டதென்றால் புகை கசக்கும், இறைச்சியும் கசக்கும். பிரிக்கெற்றாக்கினால் முதல் ரெண்டு குறையும் போயிடும். ஆக எங்கட தெரிவு சிரட்டைக்கரிப் பிரிக்கெற். பக்கற்றில் “தேங்காய்ச் சிரட்டை” என்று தெளிவா எழுதியிருக்கா என்று பாருங்கோ. மண்ணெண்ணெய் மணத்தால் தானாப் பிடிக்கும் என்று விற்கிற சாதி வேண்டாம், நீண்ட நேரம் மூடிவைக்கிற அடுப்பில் அந்த மணம் இறைச்சிக்குள் போயிடும்.

“காட்டோரத்தில் கரி சுட்டுச் சீவிக்கிறவனின்ர வயித்தில அடிக்கிறீங்களோ?” என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. 2022இல் காஸ் இல்லாமல் நாடே விறகுக்கும் கரிக்கும் ஓடினபோது அந்த மூட்டைகள்தான் கனபேரின்ர சோற்றைக் காய்ச்சினது. சோறு காய்ச்சக் கரி வாங்குகிறவரோடு எங்களுக்கு வழக்கில்லை. நாங்கள் பேசுவது பொழுதுபோக்குக்காக எரிக்கிறவர்களோடு. கரி சுடத் தெரிந்த கைக்குச் சிரட்டை சுடவும் தெரியும். கேட்கிற ஆள் கூடினால் மூட்டைக்குள் வருகிறதும் மாறும். கடையில் “இது என்ன மரம் அண்ணை?” என்று கேட்க ஒரு செலவும் இல்லை. சவுக்கு என்றோ, வேலிக்கு வெட்டின கதியால் என்றோ பதில் வந்தால் யோசிக்கலாம். பதிலே வராவிட்டால் நாங்கள் வாங்குவதில்லை.

எந்தக் கரி என்றாலும் ஒன்று. மழை வந்தால் அடுப்பை விறாந்தைக்கோ அறைக்கோ இழுக்காதேங்கோ. தணலில் இருந்து வருகிற காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கதவு சாத்தின அறையில் ஆளைக் கொல்லும். மேலே ஒரு தகரத்தைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நில்லுங்கோ. சாப்பாடு முடிந்ததும் எல்லாத் துவாரத்தையும் இறுக்கி மூடிவிட்டால் தணல் அணைஞ்சிடும், மிச்சக் கரி அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு உதவும்.