அறுவைக்குப் பின் தாமதமாக வரும் ரத்தப்போக்கு: சிகிச்சை தயார், சென்றடையும் வழி எங்கே?

புது தில்லி: சிறுநீரகக் கல் அகற்றப்பட்டு வீடு திரும்பியவருக்கு ஒரு வாரம் கழித்துச் சிறுநீர் திடீரெனச் சிவக்கிறது. பித்தப்பை நீக்கப்பட்ட ஒருவர் மூன்றாவது வாரத்தில் ரத்த வாந்தி எடுக்கிறார். சிசேரியன் முறையில் குழந்தை பெற்ற தாய்க்குப் பத்தாம் நாளில் உதிரப்போக்கு மீண்டும் பெருகுகிறது. மூன்று பேருக்கும் அடிப்படைக் காரணம் ஒன்றாகவே இருக்கக்கூடும். அறுவையின்போது ஏதோ ஒரு தமனியின் சுவரில் ஏற்பட்ட சிறு காயம், பல நாள்கள் மறைந்திருந்து பின்னர் திறந்துகொள்கிறது.

இத்தகைய சிக்கல்கள் அரிதானவை. ஆனால், நேர்ந்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் உயிரைப் பறிக்க வல்லவை. ஒரு தலைமுறைக்கு முன்புவரை, வயிற்றை மீண்டும் திறந்து ரத்தம் கசியும் இடத்தைத் தேடுவதே பெரும்பாலும் ஒரே வழியாக இருந்தது. இன்று தொடையிலோ மணிக்கட்டிலோ இடப்படும் ஊசித்துளை வழியாகவே அந்தக் கசிவை அடைத்துவிட முடிகிறது. அறுவை சிகிச்சைகள் சிறு நகரங்கள்வரை பரவிவிட்ட இந்தியாவில், இந்த மீட்புச் சிகிச்சை அதே வேகத்தில் பரவவில்லை என்பதே கவலைக்குரியது.

சுவரில்லாத பை

தமனியின் சுவர் மூன்று அடுக்குகளால் ஆனது. கத்தி, ஊசி அல்லது திசுவைச் சுடும் மின்கருவியின் வெப்பம் அந்த அடுக்குகளைத் துளைத்துவிட்டால் ரத்தம் வெளியே கசிகிறது. உறைந்த ரத்தமும் சுற்றியுள்ள திசுக்களும் அந்தக் கசிவைத் தற்காலிகமாகத் தடுத்து நிறுத்துகின்றன. தமனியோடு தொடர்பு அறுபடாத ஒரு ரத்தப் பை அங்கே உருவாகிறது. இதனை மருத்துவர்கள் ‘சூடோஅன்யூரிசம்’, அதாவது பொய்த் தமனிவீக்கம் என்று அழைக்கின்றனர். உண்மையான தமனிவீக்கத்தில் சுவரே உப்பி நிற்கும். இதில் சுவர் என்று ஒன்று இல்லை. எனவே ஒவ்வோர் இதயத் துடிப்பின் அழுத்தமும் மெல்லிய திசுவின் மீதே விழுகிறது.

தாமதத்துக்கான காரணமும் இதுவே. நோய்த்தொற்று, பித்தநீர்க் கசிவு, கணையநீர்க் கசிவு ஆகியவை சுற்றுத் திசுவை நாளடைவில் அரிக்கின்றன. நோயாளி நலமாக வீடு திரும்பிய பிறகு, சில நாள்களிலோ சில வாரங்களிலோ அந்தப் பை உடைகிறது.

எந்தெந்த அறுவைகளில்?

சிறுநீரகக் கல்லை முதுகுப் பக்கமாகத் துளையிட்டு அகற்றும் ‘பி.சி.என்.எல்.’ சிகிச்சையில், தமனியை அடைக்க வேண்டிய அளவுக்கு ரத்தப்போக்கு ஏற்படுவது ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு. பித்தப்பை அறுவையில் கல்லீரலின் வலப்பக்கத் தமனி மிக அருகில் செல்வதால் அது காயமுற வாய்ப்புண்டு. மேல்வயிற்று வலி, மஞ்சள் காமாலை, குடல்வழி ரத்தப்போக்கு ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் பித்தக் குழாய்க்குள் ரத்தம் கசிவதாகச் சந்தேகிக்க வேண்டும் என்பது 19ஆம் நூற்றாண்டிலேயே பதிவான பாடம். ஆனால், மூன்று அறிகுறிகளும் ஒருசேரத் தோன்றுவோர் சிலரே.

கணையப் புற்றுநோய்க்கான பெரிய அறுவைகளில் ஆபத்து இன்னும் கூடுதல். பெரும் ரத்தப்போக்குக்குச் சில மணி நேரமோ ஒருசில நாள்களோ முன்னதாக, வடிகுழாயில் சிறிதளவு ரத்தம் தென்பட்டுத் தானே நின்றுவிடுவது உண்டு. இதை எச்சரிக்கைக் கசிவு என்று அறுவை மருத்துவர்கள் குறிப்பிடுகின்றனர். ‘நின்றுவிட்டதே’ என்று அமைதி கொள்ளும் அந்த இடைவெளிதான் நோயாளியைக் காப்பாற்றக் கிடைக்கும் மிகச் சிறந்த நேரம்.

தாய்மை நலத்திலும் இக்கேள்வி எழுகிறது. 2015-16ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 17.2 சதவீதமாக இருந்த சிசேரியன் பிரசவங்கள், 2019-21ஆம் ஆண்டுகளின் கணக்கெடுப்பில் 21.5 சதவீதமாக உயர்ந்தன. தனியார் மருத்துவமனைகளில் மட்டும் இது 47.4 சதவீதம். சிசேரியனுக்குப் பிந்தைய உதிரப்போக்குக்குப் பல காரணங்கள் உண்டு. கருப்பைத் தமனியின் காயம் அவற்றில் ஒன்று. எனினும் அறுவைகளின் எண்ணிக்கை பெருகும்போது, அரிதான சிக்கலும் எண்ணிக்கையில் பெருகவே செய்யும்.

ஊசித்துளை வழியே

ரத்தநாளத்துக்குள் குழாயைப் பாதுகாப்பாகச் செலுத்தும் முறையை ஸ்வீடன் நாட்டுக் கதிரியல் மருத்துவர் ஸ்வென் இவார் செல்டிங்கர் 1953ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1964 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில், சார்லஸ் டாட்டர் என்ற கதிரியல் மருத்துவர் ஒரு மூதாட்டியின் கால் தமனி அடைப்பை அறுவையின்றிக் குழாய் வழியாகவே விரித்தார். அடைப்பைத் திறக்கப் பயன்பட்ட அதே பாதை, கசிவை மூடவும் பின்னர் பயன்பட்டது. ‘இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி’ என்ற தனித்துறை இவ்வாறு வளர்ந்தது.

இச்சிகிச்சையில், மரத்துப்போகும் ஊசி போட்டபின் மெல்லிய குழாய் தமனிக்குள் செலுத்தப்படுகிறது. எக்ஸ்-ரே திரையில் பார்த்தபடி சாயம் செலுத்திக் கசியும் கிளை கண்டறியப்படுகிறது. பின்னர் நுண்ணிய உலோகச் சுருள்கள் அல்லது பசை போன்ற பொருள் கொண்டு அக்கிளை அடைக்கப்படுகிறது. ரத்தம் மாற்றுக் கிளைகள் வழியாகப் பின்புறமிருந்தும் பையை வந்தடையும் இடங்களில், கசிவுக்கு முன்னும் பின்னும் என இருபுறமும் மூட வேண்டும். முன்வாசலை மட்டும் பூட்டினால் ரத்தம் பின்வாசல் வழியே நுழைந்துவிடும்.

எந்தத் தமனியை அடைக்கலாம் என்பது அந்த உறுப்பைப் பொறுத்தது. கல்லீரலுக்கு போர்ட்டல் சிரை வழியாகவும் ரத்தம் கிடைப்பதால், அந்தச் சிரை சீராக இருந்தால் தமனியின் ஒரு கிளையை மூடுவதைக் கல்லீரல் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். சிறுநீரகத்தில் அடைக்கப்பட்ட கிளைக்குரிய பகுதி மட்டும் செயலிழக்கும். எஞ்சிய பகுதி காப்பாற்றப்படும். மூடவே கூடாத முதன்மைத் தமனி என்றால், உறையிட்ட ஸ்டென்ட் பொருத்தி, ஓட்டத்தை நிறுத்தாமல் ஓட்டையை மட்டும் மறைக்கலாம். கருப்பைத் தமனிக்கு, சில வாரங்களில் கரைந்துவிடும் ஜெலட்டின் துகள்கள் பயன்படுகின்றன. கருப்பையை அகற்ற வேண்டிய நிலையிலிருந்து இளம் தாய்மார் தப்புவதற்கு இது வழி செய்கிறது. ஆஞ்சியோகிராமுக்குப் பின் தொடைத் தமனியில் தோன்றும் பொய்வீக்கத்தை, ஸ்கேன் கருவியின் துணையோடு த்ராம்பின் என்ற உறைபொருளைச் செலுத்தியே மூடிவிட முடியும்.

எல்லைகளும் உண்டு

இது ஆபத்தற்ற சிகிச்சை அன்று. அடைபொருள் வேறு நாளத்துக்கு நகரலாம். ரத்தம் கிடைக்காத திசு அழுகலாம். செலுத்தப்படும் சாயம் ஏற்கெனவே பழுதுற்ற சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். கசிவு மீண்டும் தொடங்கலாம். ரத்தம் ஏற்றியும் அழுத்தம் நிலைபெறாத நோயாளிக்கு, அறுவை அரங்கமே இன்றும் பொருத்தமான இடமாக இருக்கக்கூடும். எனவே அறுவை மருத்துவர், மயக்கவியல் மருத்துவர், கதிரியல் மருத்துவர் ஆகியோர் ஒரே கூரையின் கீழ் இருப்பது அவசியமாகிறது. இந்தியாவின் பெரும்பாலான மாவட்டங்களில் இந்த மூவர் கூட்டணி முழுமை பெறுவதில்லை.

இடைவெளி எங்கே?

நாட்டில் 750க்கும் மேற்பட்ட மாவட்டங்கள் உள்ளன. பித்தப்பை நீக்கம், சிறுநீரகக் கல் அகற்றம், சிசேரியன் ஆகியவை மாவட்டத் தலைநகரங்களிலும் அதற்குக் கீழுள்ள ஊர்களிலும் அன்றாட நிகழ்வுகளாகிவிட்டன. இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி வல்லுநர்களோ பெருநகரங்களிலும் பெரிய கற்பித்தல் மருத்துவமனைகளிலுமே குவிந்துள்ளனர். தில்லி எய்ம்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் போன்ற சில நிறுவனங்கள் இத்துறை சார்ந்த உயர் பயிற்சியை அளிக்கின்றன. ஆண்டுதோறும் பயிற்சி முடித்து வெளிவருவோரின் எண்ணிக்கை தேவையோடு ஒப்பிடுகையில் சிறிதே.

நோயைக் கண்டறியும் வசதி இந்த அளவுக்கு அரிதன்று. தேசிய சுகாதார இயக்கத்தின் இலவசப் பரிசோதனைத் திட்டம் 2015ஆம் ஆண்டு முதல் மாவட்ட மருத்துவமனைகளில் சி.டி. ஸ்கேன் வசதியை ஊக்குவித்து வருகிறது. தமனிகளைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோகிராம் செய்தால் பொய்வீக்கம் பெரும்பாலும் புலப்பட்டுவிடும். ஆனால், அதைச் செய்ய வேண்டும் என்ற ஐயம் முதலில் மருத்துவரின் மனத்தில் எழ வேண்டும். ரத்த வாந்தி என்றவுடன் இரைப்பைப் புண் என்று கருதி எண்டோஸ்கோப்பி செய்து, அதில் எதுவும் தெரியாதபோது நோயாளியைத் திருப்பி அனுப்புவது இங்கே பெரும் பிழையாக முடியும். மூன்று வாரங்களுக்கு முன் நடந்த அறுவையைப் பற்றிக் கேட்கும் ஒரு கேள்வி, உயிரைக் காக்கும் கேள்வியாகிவிடுகிறது.

காப்பீட்டில் எழும் கேள்வி

2018 செப்டம்பர் 23 அன்று தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் பிரதமர் மக்கள் ஆரோக்கியத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. சிகிச்சையின்போது எழும் சிக்கல்களும், வீடு திரும்பிய பின் 15 நாள்கள் வரையிலான தொடர் கவனிப்பும் இதில் அடங்கும். தமனி ரத்தப்போக்கோ அந்த 15 நாள் எல்லையைக் கடந்தும் வரக்கூடும். அதுவும் அறுவை நடந்த மருத்துவமனையில் கையாள இயலாமல், வேறு நகரத்துக்கு மாற்றப்படும் நிலையில் வரக்கூடும்.

ஒரு நோயாளிக்கு எத்தனை சுருள்கள் தேவைப்படும் என்பதை முன்கூட்டியே கணிக்க இயலாது. நிர்ணயிக்கப்பட்ட தொகுப்புக் கட்டணத்தில் இயங்கும் மருத்துவமனைக்கு இது நட்டக் கணக்காக மாறலாம். அந்த நட்டம் குறித்த அச்சம் நோயாளியைச் சேர்க்கத் தயங்கும் நிலைக்கு இட்டுச் சென்றால், காப்பீட்டு அட்டை கையில் இருந்தும் பயனில்லை. அறுவைக்கு நிதி அளிக்கும் அரசு, அறுவையின் அறியப்பட்ட சிக்கலை மீட்பதற்கும் அதே தெளிவுடன் நிதி அளிக்க வேண்டும்.

செய்யக்கூடியவை

ஒவ்வொரு மாவட்டத்திலும் இத்துறை வல்லுநரை நியமிப்பது உடனடியாக நடக்கக்கூடியது அன்று. ஆனால், மாரடைப்புச் சிகிச்சைக்காக நிறுவப்பட்ட கேத் லேப் அரங்குகள் இன்று பல இரண்டாம் நிலை நகரங்களில் உள்ளன. அங்குள்ள எக்ஸ்-ரே கருவிகள் தமனி அடைப்புச் சிகிச்சைக்கும் பெருமளவு பயன்படக்கூடியவை. வல்லுநரையும் சுருள் இருப்பையும் சேர்த்துவிட்டால் புதிய கட்டடம் தேவையில்லை.

ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையும், இரவு பகலாகத் தமனி அடைப்புச் சிகிச்சை அளிக்கும் ஒரு மையத்தோடு முறைப்படி இணைக்கப்பட வேண்டும். ஸ்கேன் படம் முதலில் சென்றடைய, ரத்தம் ஏற்றப்பட்ட நிலையில் நோயாளி ஆம்புலன்ஸில் பின்தொடரும் ஏற்பாடு சாத்தியமானதே. எந்த மருத்துவமனையில் இடம் உண்டு என்று உறவினர்கள் வாசல் வாசலாக அலையும் நேரத்தில்தான் பல உயிர்கள் நழுவுகின்றன.

எல்லாவற்றையும்விடச் செலவு குறைந்தது, நோயாளி வீடு திரும்பும்போது கையில் தரப்படும் ஒரு தாள். சிறுநீர் சிவந்தால், மலம் கறுத்தால், ரத்த வாந்தி வந்தால், உதிரப்போக்கு மீண்டும் பெருகினால், தையலிட்ட இடத்தில் துடிக்கும் கட்டி தோன்றினால், தானே நின்றுவிட்டாலும் உடனே வர வேண்டும் என்பதை அது நோயாளியின் தாய்மொழியில் சொல்ல வேண்டும். இன்று நாட்டின் பல பகுதிகளில் இந்தக் குறிப்பு ஆங்கிலச் சுருக்கெழுத்துகளாகவே நோயாளியின் கைக்கு வருகிறது.

அறுவை வெற்றி பெற்றதா என்பதை அரங்கத்தின் கதவு திறக்கும் நேரத்தில் மட்டும் கணக்கிட முடியாது. அடுத்த ஒரு மாதத்தில் நோயாளி எத்தகைய சிக்கலைச் சந்திக்கிறார், அதிலிருந்து மீட்கப்படுகிறாரா என்பதும் அக்கணக்கில் சேர வேண்டும். அறுவை எத்தனை ஊர்களைச் சென்றடைந்தது என்று பெருமையோடு பட்டியலிடும் மாநிலங்கள், அதன் பக்கத்திலேயே மீட்பு மையம் எத்தனை மணி நேரத் தொலைவில் உள்ளது என்பதையும் வெளியிடுவது நல்ல தொடக்கமாக அமையும்.