புளுட்டோனியத்துக்குக் காவல் உண்டு, மனிதனுக்கு?

கஜகஸ்தானில் தெகெலென் என்று ஒரு மலை. அதன் அடிவாரத்தில் மூன்று பக்கமுள்ள கல் ஒன்று நிற்கிறது. 2012 அக்டோபரில் நட்டார்கள். ஆங்கிலம், ருஷ்யம், கஜக் ஆகிய மூன்று மொழிகளிலும் அதில் செதுக்கியிருக்கும் சேதி இதுதான்: 1996 முதல் 2012 வரை நடந்த வேலையால் உலகம் முன்னைவிடப் பத்திரமாகிவிட்டதாம்!

யாருக்குப் பத்திரம்? நாம் கேட்கிறோம்.

மலைக்குள் என்ன இருந்தது?

1949 ஆகஸ்ட் 29-ம் தேதி சோவியத் யூனியனின் முதல் அணுகுண்டு செமிபாலதின்ஸ்க் புல்வெளியில் வெடித்தது. 1989 வரை அங்கே 456 பரிசோதனைகள் நடந்தன. முதலில் வெட்டவெளியிலும் ஆகாயத்திலும் வெடித்தார்கள். பிறகு பூமிக்கடியில் வெடித்தார்கள். தெகெலென் மலையைக் குடைந்து 181 சுரங்கங்கள் வெட்டினார்கள். சில பரிசோதனைகளில் புளுட்டோனியம் முழுவதும் எரியவில்லை. மிச்சம் பாறையோடு பாறையாகக் கிடந்தது. அந்த நஞ்சு பாதியாகக் குறையவே 24,000 வருஷம் ஆகும்.

1991-ல் பரிசோதனைக் களம் மூடப்பட்டது. அதே வருஷம் சோவியத் யூனியனும் சிதைந்தது. சிப்பாய்கள் மூட்டை கட்டிப் போனார்கள். சுரங்கங்களில் வேலை போயிற்று, சம்பளம் நின்றது. பட்டினி கிடப்பவன் என்ன செய்வான்? மலைக்குள் பழைய செம்புக் கம்பி கிடக்கிறது, தண்டவாள இரும்பு கிடக்கிறது. தோண்டி எடுத்து விற்றால் அடுப்பு எரியும். தோண்டினார்கள்.

1998-ல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் அணு ஆயுதக் கூடத்தின் முன்னாள் தலைவர் சிக்ஃபிரிட் ஹெக்கர் அங்கே வந்து பார்த்தார். காவல் சாவடிகள் காலி. கிலோமீட்டர் கணக்கில் பள்ளங்கள். யந்திரங்களை வைத்தே தோண்டியிருந்தார்கள். அவருக்குத் திகிலடித்தது. செம்பு தேடுகிறவன் கையில் நாளைக்குப் புளுட்டோனியம் சிக்கினால்?

உடனே அமெரிக்கா, ருஷ்யா, கஜகஸ்தான் ஆகிய மூன்று சர்க்கார்களும் ரகசியமாகக் கைகோத்தன. விசேஷக் கான்கிரீட்டைச் சுரங்கங்களுக்குள் கொட்டி இறுக்கினார்கள். பதினேழு வருஷ வேலை, 15 கோடி டாலர் செலவு. 2012 மார்ச்சில் சியோல் மாநாட்டில் மூன்று நாட்டு ஜனாதிபதிகளும் சேர்ந்து நின்று அறிவித்தார்கள்.

இதை நாம் தப்பென்று சொல்லவில்லை. பன்னிரண்டு குண்டுகளுக்கு மேல் செய்யத்தக்க சரக்கு திறந்து கிடப்பதை விட, அடைத்து வைப்பது நல்லதுதான். நாம் சுட்டிக்காட்டுவது வேறொன்று. ஒருவரையொருவர் நம்பாத சர்க்கார்கள்கூட மனம் வைத்தால் சேர்ந்து வேலை செய்ய முடிகிறது. பணம் வருகிறது, விஞ்ஞானி வருகிறார், கான்கிரீட் வருகிறது. அப்படியானால் ஆடு மேய்ப்பவனுக்கு மட்டும் ஏன் ஒன்றும் வருவதில்லை?

மில் தொழிலாளத் தோழனே, உனக்கு இது புரியும். பஞ்சு மூட்டைக்குக் காவல்காரன் உண்டு. பஞ்சுத் தூசியில் இருமிச் சாகிறவனுக்கு யார் உண்டு?

நோயை ஒளித்த வைத்தியசாலை

1957-ல் செமிபாலதின்ஸ்க் நகரத்தில் ஒரு வைத்தியசாலை திறந்தார்கள். ஆடுமாடுகளிடமிருந்து மனிதனுக்குத் தொற்றும் காய்ச்சலுக்கு வைத்தியம் என்று பெயர்ப்பலகை. உள்ளே நடந்தது கதிர்வீச்சு ஜனங்களின் உடம்பை என்ன செய்கிறது என்ற கணக்கெடுப்பு! கணக்கெடுத்தார்கள், உண்மையைச் சொல்லவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 15 லட்சம் பேர் என்று கஜகஸ்தான் சர்க்கார் சொல்கிறது. 1992-ல் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. ஆனால் கிடைத்தது ஒரே தடவை கொடுக்கும் தொகை. அதையும் விலைவாசி தின்றுவிட்டது.

2023-ல் ஐ.நா. சபையில் கஜகஸ்தானும் கிரிபாட்டியும் ஒரு தீர்மானம் கொண்டுவந்தன. பரிசோதனையால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவுங்கள், கெட்ட மண்ணைச் சுத்தம் செய்யுங்கள் என்பதே கோரிக்கை. எதிர்த்து வோட்டுப் போட்டவர்கள் யார்? பிரான்ஸ், பிரிட்டன், ருஷ்யா, வட கொரியா! சுரங்கத்தை அடைக்க வந்த ருஷ்யா, மனிதனுக்கு உதவி என்றதும் கையை விரித்தது.

நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை

“சோவியத் காலத்து விஷயத்தை ஏன் கிளறுகிறீர்கள்? எதிரிக்குத் தடி எடுத்துக் கொடுப்பதாகாதா?” என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். 1945-ல் ஹிரோஷிமாவையும் நாகசாகியையும் சாம்பலாக்கியது யார் என்பதை நாம் மறக்கவில்லை. அந்தக் குண்டுக்குப் பயந்துதான் இந்தக் குண்டு பிறந்தது. இருக்கட்டும். அந்தப் புல்வெளியில் ஆடு மேய்த்தவனும் பாட்டாளிதானே? அவனிடம் உண்மையை மறைத்தது குற்றம். தொழிலாளி பெயரால் நடந்த ராஜ்யத்தில் நடந்ததால் அது இரட்டைக் குற்றம். இதைச் சொல்ல நாக்குக் கூசினால், பிகினித் தீவு ஜனங்களுக்காகப் பேச நமக்கு என்ன யோக்கியதை?

பரிசோதனையை நிறுத்தியது யார்? ராஜதந்திரிகளா? இல்லை! 1989 பிப்ரவரியில் கவிஞர் ஒல்ஜாஸ் சுலைமேனவ் குரல் கொடுத்தார். ஜனங்கள் திரண்டார்கள். கரகண்டா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்த அக்டோபர் 19-ம் தேதி வெடித்ததே கடைசிக் குண்டு. அந்த இயக்கத்துக்கு அவர்கள் வைத்த பெயர் “நெவாடா–செமிபாலதின்ஸ்க்”. எதிரி நாடு என்று சொல்லப்பட்ட அமெரிக்காவின் பரிசோதனைக் களத்தில் அவதிப்படுகிறவனையும் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார்கள். சர்வதேச ஒத்துழைப்பு என்பது இதுதான்!

அணு ஆயுதத் தடை ஒப்பந்தம் 2021-ல் அமலுக்கு வந்தது. பாதிக்கப்பட்டவனுக்கு உதவ வேண்டும், மண்ணைச் சீர்படுத்த வேண்டும் என்று அது சொல்கிறது. கஜகஸ்தான் அதில் சேர்ந்திருக்கிறது. அணுகுண்டு வைத்திருக்கும் ஒன்பது நாடுகளில் ஒன்றுகூடச் சேரவில்லை. இந்தியாவும் அந்த ஒன்பதில் ஒன்று.

ஆகவே நாம் கோருகிறோம்: வெடித்தவன் செலவைக் கொடுக்கட்டும்! ஒளித்து வைத்த வைத்தியக் குறிப்புகள் வெளியே வரட்டும்! இந்திய சர்க்கார் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடட்டும்!

மேய்ப்பனின் பிள்ளைக்கு வைத்தியமும், செம்பு தோண்டியவனுக்கு வேலையும் கிடைக்கும் நாள் வரட்டும். அந்தக் கல்லில் செதுக்கியது அன்றைக்குத்தான் உண்மையாகும்.