அன்பளிப்பல்ல, கூலி

சிகாகோ என்றதும் நமக்கு இரண்டு நினைவுகள் வரும். ஒன்று, 1893இல் விவேகானந்தர் பேசிய மேடை. இன்னொன்று, எட்டு மணி நேர வேலை கேட்டு 1886 மே மாதம் தொழிலாளர்கள் ரத்தம் சிந்திய ஹேமார்க்கெட். 1923இல் சிங்காரவேலர் சென்னையில் கொண்டாடிய மே தினத்தின் வேர் இந்த ஊரில் இருக்கிறது. நான் பல ஆண்டுகளாக வசிப்பதும் இதே ஊரில்தான்.

இன்று சிகாகோ தன்னைத் தொழிலாளர் நகரம் என்று சொல்லிக்கொள்வதைவிட, சாப்பாட்டு நகரம் என்று சொல்லிக்கொள்வதே அதிகம். அமெரிக்காவின் பெரிய சமையல் கௌரவமான ஜேம்ஸ் பியர்ட் விருது விழா 2015இலிருந்து இங்கேதான் நடக்கிறது. மிஷலின் கையேடு 2010ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து இங்குள்ள உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுத்து வருகிறது. 2022இல் வெளிவந்த 'தி பேர்' தொடர் ஒரு சிகாகோ சாண்ட்விச் கடையின் அடுக்களையை உலகத்தின் வரவேற்பறைக்குக் கொண்டுபோனது. இந்த ஊரின் ருசியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் சண்டை சாப்பாட்டோடு அல்ல, பில்லின் அடியில் 'டிப்ஸ்' என்று எழுதி, நிரப்பச் சொல்லி விட்டிருக்கும் வெற்றிடத்தோடு.

நம்மூர் ஓட்டலில் சர்வருக்கு மேசையில் பத்து ரூபாய் வைத்துவிட்டு வருவோமே, அதைப் போன்றதல்ல இது. இங்கே பில் தொகையில் 18, 20 சதவீதம் வைப்பது வழக்கம். வைக்காதவரை அற்பர் என்பார்கள். காரணம், அந்த வெற்றிடம்தான் அவளுடைய சம்பளம். டிப்ஸ் பெறும் தொழிலாளிக்கு முதலாளி தன் பையிலிருந்து கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி, அமெரிக்க மத்தியச் சட்டப்படி மணிக்கு 2.13 டாலர். 1991இல் வைத்த தொகை, இன்றுவரை அப்படியே இருக்கிறது. மிச்சத்தை டிப்ஸ் நிரப்பும், நிரப்பாவிட்டால் முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் கணக்குப் புத்தகம் முதலாளியிடம் இருக்கிறது. 'என் டிப்ஸ் குறைந்துவிட்டது, ஈடுகட்டுங்கள்' என்று கேட்கிறவளுக்கு அடுத்த வாரம் கூட்டம் இல்லாத செவ்வாய்க்கிழமை மதியம் வேலை ஒதுக்கப்படும். இதற்கெல்லாம் சாட்சி தேட முடியாது.

அமெரிக்காவில் டிப்ஸை நம்பி வேலை செய்கிறவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் பெண்கள். இது தற்செயலா? இல்லை என்கிறேன். பெண் சமைப்பதும் பரிமாறுவதும் உபசரிப்பதும் வேலையாக எண்ணப்படவில்லை. அது அவளுடைய சுபாவம், அவளுடைய அன்பு, கைமணம். அன்புக்கு யாராவது கூலி கொடுப்பார்களா? அன்பளிப்புத்தான் கொடுப்பார்கள். டிப்ஸ் என்ற ஏற்பாடு இந்த எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது. ஆண் அடுப்படிக்கு வந்தால் அது கலை, அதற்கு நட்சத்திரம் உண்டு. பெண் தட்டை ஏந்தி வந்தால் அது கனிவு, அதற்குச் சில்லறை.

இந்த ஊரின் பெருமையான பிட்சாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆழமான தட்டில், தடித்த விளிம்போடு சுடுவது. 1943இல் தொடங்கிய பிட்சேரியா ஊனோ என்ற கடையிலிருந்து அதன் கதையைத் தொடங்குவார்கள். ஐக் சூவெல், ரிக் ரிக்கார்டோ என்ற இரண்டு ஆண்களின் பெயர் அதில் தவறாமல் வரும். அங்கே மாவு பிசைந்து அதைத் தன் பக்குவத்துக்குக் கொண்டுவந்த ஆலிஸ் மே ரெட்மண்ட் என்ற கறுப்பினப் பெண்ணின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? பிற்பாடு ஜீனோஸ் ஈஸ்ட் என்ற போட்டிக் கடை அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. போட்டிக்காரர்களுக்கு அவருடைய கையின் மதிப்பு தெரிந்திருந்தது. வரலாறு எழுதியவர்களுக்குத்தான் வெகுகாலம் தெரியவில்லை.

அன்பாகக் கொடுக்காமல் விலை சொல்லி விற்றால் என்ன நடக்கும் என்பதையும் இதே ஊரில் பார்க்கலாம். மெக்சிகோவிலிருந்து வந்த பெண்கள் விடியுமுன் எழுந்து, சோள மாவில் இறைச்சியோ மிளகாயோ வைத்து, சோளத் தோகையில் சுற்றி ஆவியில் வேகவைத்த தமாலேயைத் தெருமுனையில் விற்கிறார்கள். வேலைக்குப் போகிறவர்களின் காலை வயிற்றை நிரப்புவது அதுதான். அவர்கள் வெகுகாலம் அபராதச் சீட்டுக்குப் பயந்தே விற்றார்கள். 2015இல் மாநகராட்சி தள்ளுவண்டிக்கு அனுமதி கொடுத்தது. ஆனால் சமைப்பது உரிமம் பெற்ற அடுக்களையில் நடக்க வேண்டும் என்றது. வீட்டு அடுப்பைத் தவிர வேறு முதல் இல்லாத பெண்ணுக்கு அந்த உரிமம் எதற்கு ஆகும்? அவள் கைப்பக்குவம் வெள்ளைத் தட்டில், ஆணின் பெயர் போட்ட உணவகத்தில் வந்தால் 'பாரம்பரியச் சுவை'. அவளே விற்றால் விதிமீறல்.

டிப்ஸ் ஏதோ பழைய பண்பாடு, நாகரிகம் என்று நினைக்கிறவர்கள் சிகாகோவின் புல்மன் கம்பெனியின் கதையைப் படிக்க வேண்டும். 1867இல் தொடங்கிய இந்தக் கம்பெனி ரயில்களில் தூங்கும் பெட்டிகளை ஓட்டியது. உள்நாட்டுப் போருக்குப் பின் விடுதலை பெற்ற கறுப்பின ஆண்களை அந்தப் பெட்டிகளில் ஏவலராக வைத்தது. கூலி சொற்பம், மிச்சம் பயணியின் தயவு. பயணிகள் அவர்களைச் சொந்தப் பெயரால்கூட அழைக்கவில்லை. கம்பெனி முதலாளி ஜார்ஜ் புல்மன் என்பதால் எல்லோரையும் 'ஜார்ஜ்' என்றே அழைத்தார்கள். அடிமைகளை விடுவித்த ஆபிரகாம் லிங்கனின் மகன் ராபர்ட் லிங்கன் பிற்பாடு அதே கம்பெனிக்குத் தலைவராக இருந்தார். அடிமை முறை போனது. கூலி கொடுக்காமல் வேலை வாங்கும் ஆசை போகவில்லை. நேற்று அந்த ஏவலருக்கு நேர்ந்ததுதான் இன்று தட்டு ஏந்தும் பெண்ணுக்கும் நேர்கிறது.

பெண்கள் இதைப் பொறுத்துக்கொண்டே இருந்தார்கள் என்று யாரும் சொல்ல வேண்டாம். எலிசபெத் மலோனி போன்றவர்கள் நூறாண்டுகளுக்கு முன்பே சிகாகோவில் பரிமாறும் பெண்களுக்கென்று தனிச் சங்கம் நடத்தினார்கள். 1914இல் அந்தச் சங்கம் ஹென்ரிசி என்ற பெரிய உணவகத்தின் முன் மறியல் செய்தது. கூலி உயர்வும், ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வும் கேட்டார்கள். ஒரு நாள் ஓய்வு! அதைக் கேட்டதற்குக் காவல்துறை பெண்களை வண்டி வண்டியாக அள்ளிக்கொண்டு போனது. ஜேன் ஆடம்ஸுடன் சேர்ந்து ஹல் ஹவுஸை நிறுவிய எலன் கேட்ஸ் ஸ்டார் மறியலுக்கு வந்து நின்றார். அவரையும் கைது செய்தார்கள்.

கூலியை வாடிக்கையாளரின் விருப்பத்தில் விட்டால் அது பணத்தோடு நிற்காது. யார் கையில் உன் வாடகைப் பணம் இருக்கிறதோ அவன் முன்னால் உன் முகம் உனக்குச் சொந்தமில்லை. பக்கத்து மேசையில் ஒருவர், தண்ணீர் ஊற்ற வந்த பெண்ணிடம், "சிரித்தால்தானே டிப்ஸ் வரும்" என்று சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை உபசாரம் என்று எழுதுகிறவர்கள் உணவு விமர்சகர்கள். நான் அதை வற்புறுத்தி வாங்கிய வேலை என்று எழுதுகிறேன். கொரோனா காலத்தில் முகக்கவசத்தைக் கழற்று, முகத்தைப் பார்த்துவிட்டு டிப்ஸ் போடுகிறேன் என்று ஆண்கள் சொன்னதை நாடெங்கும் பெண்கள் சாட்சியாகச் சொன்னார்கள். 'ஒன் ஃபேர் வேஜ்' அமைப்பு 2020இல் அதை அறிக்கையாகவே வெளியிட்டது. நோய்க்குப் பயந்து மூடிய முகத்தையும் கூலிக்காகத் திறந்து காட்டச் சொன்ன ஏற்பாட்டுக்குப் பெயர் விருந்தோம்பலா?

2023 அக்டோபரில் சிகாகோ மாமன்றம் இதில் கைவைத்தது. ஜெசி ஃபுவென்டெஸ் என்ற பெண் உறுப்பினர் முன்னின்று கொண்டுவந்த சட்டம் 36க்கு 10 என்ற வாக்கில் நிறைவேறியது. அதுவரை டிப்ஸ் பெறுகிறவருக்கு நகரத்தின் குறைந்தபட்சக் கூலியில் 60 சதவீதம் கொடுத்தால் போதும். புதிய சட்டம் 2024 ஜூலையில் தொடங்கி ஆண்டுக்கு 8 சதவீதப் புள்ளியாக அந்த இடைவெளியைக் குறைத்து, 2028 ஜூலையில் முழுதாக மூடச் சொன்னது. டிப்ஸை அது தடை செய்யவில்லை. கூலியைக் கூலியாகக் கொடு, டிப்ஸ் அதற்கு மேல் வரட்டும் என்றது. அவ்வளவுதான்.

2025 ஜூலைக் கணக்கைப் பாருங்கள். மற்றவர்களுக்கு மணிக்கு 16.60 டாலர். டிப்ஸ் பெறுகிறவளுக்கு 12.62 டாலர். இடைவெளி 3.98. எந்த எட்டு மணி நேரத்துக்காக இந்த ஊரில் உயிர் போனதோ, அந்த எட்டு மணி நேர வேலைக்கு அப்போதும் கிட்டத்தட்ட 32 டாலர் குறைவாகக் கொடுக்கலாம் என்றது அந்தக் கணக்கு. சட்டம் வருவதற்கு முன் அது 50 டாலருக்கு மேல் இருந்தது.

உணவக முதலாளிகளின் சங்கம் தொடக்கத்திலிருந்தே எதிர்த்தது. அவர்கள் சொல்லும் வாதங்கள் மூன்று.

டிப்ஸில்தான் அவளுக்கு அதிக வருமானம் என்பது முதல் வாதம். நட்சத்திர உணவகத்தில், சனிக்கிழமை இரவில், நாலு பேர் ஐந்நூறு டாலருக்குச் சாப்பிடும் மேசையில் அது உண்மை. ஆனால் சிகாகோவில் பரிமாறுகிறவர்களில் எத்தனை பேர் அந்த மேசையில் நிற்கிறார்கள்? மேற்குப் பகுதியில் முட்டையும் காப்பியும் பரிமாறும் ஐம்பது வயதுப் பெண்ணுக்கு அந்தச் சனிக்கிழமை இரவு வருவதே இல்லை. சிலருக்கு நல்லபடி போகிறது என்பதைக் காட்டி எல்லோருடைய உரிமையையும் மறுப்பது பழைய தந்திரம்.

கூலி ஏறினால் கடைகள் மூடும் என்பது இரண்டாவது. சிறு கடைக்காரர்களின் நெருக்கடி பொய்யல்ல. வாடகை, வரி, விலைவாசி எல்லாம் ஏறியிருக்கின்றன. ஆனால் வாடகை ஏறும்போது கட்டிடக்காரரிடம் 'பாதி தருகிறேன், மீதியை வாடிக்கையாளர் மனசு வைத்தால் பார்க்கலாம்' என்று எந்த முதலாளியாவது சொல்கிறாரா? சொல்ல முடிகிற ஒரே ஆள் அவள்தான். பக்கத்திலேயே மினசோட்டா மாநிலம் இருக்கிறது. டிப்ஸைக் காட்டிக் கூலியைக் குறைக்க அங்கே அனுமதியில்லை. இப்படி மொத்தம் ஏழு மாநிலங்கள் உண்டு. மினசோட்டாவில் யாரும் ஓட்டல் சாப்பாட்டை மறந்துவிடவில்லை. 2022இல் நாட்டின் சிறந்த புதிய உணவகம் என்ற ஜேம்ஸ் பியர்ட் விருதை வாங்கியது மினியாபொலிஸின் ஓவாம்னி. பூர்வகுடிகளின் உணவைப் பரிமாறும் அந்த உணவகத்துக்கு விருதை அறிவித்த மேடை சிகாகோவில்தான் இருந்தது. மேடைக்குக் கீழே இருந்தவர்கள் கைதட்டினார்கள். முழுக் கூலி கொடுக்கும் மாநிலத்திலும் நல்ல உணவகம் நடக்கும் என்பது அந்த அரங்கில் யார் காதிலும் விழவில்லை போலும்.

இங்கே பெண் செஃப்களும் பெண் முதலாளிகளும் சாதித்திருக்கிறார்களே என்பது மூன்றாவது. உண்மைதான். ஸ்டெஃபனி இசார்ட், சாரா க்ரூனபெர்க், பெவர்லி கிம் என்று பெயர்களை அடுக்கலாம். பெவர்லி கிம் உணவுத் தொழிலில் உள்ள தாய்மார்களுக்கென்று ஓர் அமைப்பையே நடத்துகிறார். அவர்களை மதிக்கிறேன். ஆனால் தலைமைச் சமையற்காரர் பெண் என்பதால் தட்டு ஏந்துகிறவளின் கூலி தானாக ஏறிவிடாது. மேலே சிலரை ஏற்றிவைத்துவிட்டுக் கீழே பலரை அப்படியே விடுவதைப் பெண் முன்னேற்றம் என்று நாம் ஏற்க வேண்டியதில்லை.

படிக்கவும் வேலைக்கும் அமெரிக்கா வரும் நம் பெண்கள் டிப்ஸைப் பார்த்ததும் ரூபாயில் பெருக்கி, "இதென்ன கொள்ளை" என்று குமுறுவதைக் கேட்கிறேன். கொள்ளை நடப்பது நிஜம். ஆனால் கொள்ளையடிப்பவள் அவளல்ல. அவளுடைய முதலாளி தர வேண்டிய கூலியை உங்கள் பையிலிருந்து எடுக்கிறார்கள், அதற்கு அவளை உங்கள் முன் சிரிக்கவும் வைக்கிறார்கள். கோபத்தை அவள்மேல் காட்டி டிப்ஸைக் குறைத்தால் முதலாளிக்கு ஒன்றும் குறையாது, அவள் வீட்டு வாடகைதான் குறையும். எனவே சட்டம் முழுதாக மாறும்வரை டிப்ஸை முழுதாக வையுங்கள். வைத்ததோடு கடமை முடிந்தது என்று எழுந்து வந்துவிடாதீர்கள். அந்த வெற்றிடத்தில் நீங்கள் எழுதும் தொகை தானமும் அல்ல, தாராளமும் அல்ல. வேறொருவர் கொடுக்காமல் விட்ட கடன். கொடுக்க வேண்டியவரைக் கொடுக்கவைக்கும் போராட்டம் எந்த ஊரில் நடந்தாலும் அது நம்முடையது.